இருபத்தெட்டாவது குதிர்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றால் எழுதுகிற இந்தக் கை விளங்காமல் போகட்டும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மற்ற விஷயங்களில் அது நியாயம்தான். இதில் ஒன்றையும் கூட்டவில்லை. இருபத்தெட்டு வீடு என்றால் இருபத்தெட்டுதான். மாவுக்கட்டு என்றால் மாவுக்கட்டுதான். டிரைவர் கடைசியில் கேட்ட கேள்வியும் அவன் கேட்டபடியே இருக்கிறது. ராத்திரியில் ஏதாவது வரும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் வருவது பகலில்தான் வரும். குளவிக்கு ராத்திரியில் வேலை கிடையாது.

அவருக்கு முட்டைக்காரர் என்று பேர். கோழி முட்டை இல்லை, பூச்சி முட்டை. அந்தப் பக்கத்துப் பழத்தோட்டங்களில் நாற்றப்பூச்சி இறங்கியிருந்தது. கேடயம் மாதிரி முதுகு, விரல் நகம் அளவு உடம்பு, நசுக்கினால் அழுகிய கொத்தமல்லி வாடை. பழத்தில் வாயைக் குத்தி உறிஞ்சிவிட்டால் அந்த இடம் தக்கையாகிவிடும். மருந்து அடித்துப் பார்த்தார்கள். மருந்துக்குத் தேனீக்கள் செத்தன; நாற்றப்பூச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனது. அதனால்தான் குளவி வளர்க்க ஒரு கூடம் கட்டி, முட்டைக்காரரை முட்டை அறையில் உட்கார வைத்தார்கள்.

நாற்றப்பூச்சி ஒரு தடவைக்கு இருபத்தெட்டு முட்டை வைக்கும். குட்டிக் குட்டிப் பீப்பாய்கள், வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வட்ட மூடி. எள்ளில் பாதி இருக்கும் குளவி அதன்மேல் ஏறி, மீசையால் தட்டிப் பார்த்து, ஊசியை இறக்கி, உள்ளே தன் முட்டையை வைத்துவிடும். வைத்து முடித்தபின் பின்பக்கத்தால் அந்த முட்டையின் மேல் வளைந்து வளைந்து ஒரு கோடு கிழிக்கும். இங்கே ஆள் வந்தாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து வரும் குளவி கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போகும். முட்டை நாளாக நாளாகச் சாம்பல் நிறமாகும். பத்துப் பதினோரு நாளில் உள்ளேயிருந்து குளவி வரும். பூச்சி பிறந்தால் மூடி சுத்தமாகக் கழன்று விழும். குளவி கடித்துக் கடித்துத்தான் வரும், ஓட்டையின் ஓரமெல்லாம் பிசிறு. முதலில் வந்தவை எங்கேயும் போகாது. மற்றவை வரும்வரை அங்கேயே நிற்கும்.

முட்டைக்காரரின் வேலை, முட்டைக் கொத்துகளை அட்டையில் ஒட்டிக் குளவிகளுக்குக் கொடுப்பது, நீளமான மெல்லிய கம்பியின் நுனியால் அவற்றுக்கு ஒரு பொட்டுத் தேன் வைப்பது, முடிந்த அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு வளைகோடும் தேதியும் போடுவது.

"வேலை முடிஞ்சப்புறம்தான் குறி," என்று முதல் நாளே, கூடத்தை நடத்துகிற மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார். "முன்னாடியே போட்டுட்டா எது ஆச்சு, எது ஆகலைன்னு யாருக்குத் தெரியும்? குளவியப் பாருங்க. உள்ள வைக்காம ஒண்ணாவது குறி போடுதா?"

"அதுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லைங்கறீங்க," என்றார் முட்டைக்காரர்.

"அத நான் வேற சொல்லணுமா?"

கூடத்து ஆட்கள் தங்கியது பழைய தானியக் குதிர்களில். ஒரு காலத்தில் தானியம் கொட்டி வைக்க, செங்கல்லும் சுண்ணாம்புமாக வட்டமாகக் கட்டி, மேலே வட்ட மூடி போட்டவை. அதில் கதவும் ஜன்னலும் வெட்டி, வெள்ளையடித்து, வீடு என்று சொல்லிவிட்டார்கள். இருபத்தெட்டும் தோளோடு தோள் உரசாத குறையாக நின்றன. வட்டமான வீட்டில் எந்தச் சாமானும் சுவரோடு சேராது. பீரோவை எங்கே தள்ளினாலும் அதன் பின்னால் ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்துகொண்டே இருக்கும்.

"மூலையில உக்காந்து அழலாம்னா ஒரு மூலைகூட இல்லாத வீட்டப் பிடிச்சிருக்கீங்களே," என்பாள் அவர் மனைவி.

இருபத்தெட்டாம் நம்பர் அவர்களுடையது, கடைக்கோடி. அவள் ஸ்டூலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை கட்டைப் பிரிக்க வேண்டும். அன்று காலை அவள் அண்ணன் வேனோடு வருவதாக ஏற்பாடு. அதுவரை அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு வலிகூடப் பெரிதில்லை. கட்டுக்குள் எடுத்த அரிப்புதான் உயிரை வாங்கியது.

"உள்ள எறும்பு குடும்பம் நடத்துதுங்க. ஏதாவது விட்டுச் சொறிங்களேன்."

செவ்வாய்க்கிழமை காலை அவர் சட்டைப்பையில் தேன் கம்பி இருந்தது. கழுவித்தான் வைத்திருந்தார்; கழுவியதாகத்தான் அவருக்கு ஞாபகம். அதைக் கட்டுக்கும் தொடைக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, அவள் "அங்கதான், அங்கதான்" என்று கண்ணை மூடும்வரை ஆட்டிவிட்டு, வெளியே எடுத்தார். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்து வெள்ளைக் கட்டின்மேல் ஒரு வளைகோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டது.

"நான் என்ன உங்க அட்டையா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரித்த வாயோடுதான் வேலைக்குக் கிளம்பினார். ஒன்றாம் நம்பர் வீட்டைத் தாண்டும்போது நின்றார். அது மேடத்தின் வீடு. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், வெள்ளைச் சுவரில் ஒரு கோடு. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே ஆரம்பித்து, வளைந்து, திரும்பி, வளைந்து, இடுப்பு உயரம்வரை இறங்கியிருந்தது. சுண்ணாம்பைக் கிழித்துச் செங்கல் தெரிகிற ஆழம். கீழே மண்ணில் வெள்ளைப் பொடி, இன்னும் காற்றுகூடக் கலைக்காத புதுப் பொடி. அழுகிய கொத்தமல்லி வாடை லேசாக வந்தது. அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். லென்ஸுக்கு அடியில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை பார்க்கிற கோடு.

மேடம் அன்று வேலைக்கு வரவில்லை. கதவைத் தட்டியதற்கு உள்ளேயிருந்து, "உடம்பு சரியில்ல. போங்க," என்று குரல் வந்தது. ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தபோது பதினோரு சுவர்களில் கோடு. சாயங்காலம் பத்தொன்பது. பதினோரு கதவுகள் மூடியிருந்தன; பிறகு பத்தொன்பது. கொடியில் காய்ந்த துணியை யாரும் எடுக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் ரேடியோ ஒரே இடத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது, மாற்ற ஆளில்லாமல்.

இருபத்தேழாம் நம்பரில் ஜீப் டிரைவர். சின்ன வயசுக்காரன், சோம்பேறி, நல்லவன். வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இப்பவே வண்டிய எடு. உங்க அண்ணிய டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திரு."

"வண்டி சர்வீஸ்ல கிடக்குதுண்ணே. நாளைக்கு மத்தியானம் வந்துரும். என்ன அவசரம்?"

அவர் சுவர்களைக் காட்டினார். டிரைவர் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"பெயின்ட் கான்ட்ராக்டர் அடையாளம் போட்டிருப்பான்ண்ணே. நீங்க அந்த லென்ஸ வச்சுப் பாத்துப் பாத்து உலகமே குளவியா தெரியுது. மேடம்கிட்ட சொல்லி ரெண்டு நாள் லீவு போடுங்க."

அவர் வீட்டுக்குள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவியிடம் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சரி, போகணும்னா எப்படிப் போறது? என்னை மூட்டை மாதிரி முதுகுல தூக்கிட்டு ஆறு மைல் நடப்பீங்களா? பீரோவ ஒரு ஜாண் தள்ளவே மூச்சு வாங்குது உங்களுக்கு."

அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ தூரத்தில் இருந்தான். சொன்ன சனிக்கிழமைக்கு முன்னால் வர வழியில்லை என்றான்.

தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இவளை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. மீதி ஒன்பது வீடுகள், அதில் ஒன்று இது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முட்டை அறையில் உட்கார்ந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. குறி போட்ட முட்டையை எந்தக் குளவியும் தொடாது.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் வைத்தார். ஆள் உயரத்துக்கு மேலே ஆரம்பித்து, வளைத்து, திருப்பி, வளைத்தார். கை தடுமாறும் என்று நினைத்திருந்தார். தடுமாறவில்லை. பல வருஷம் பழகிய கை மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. இறங்கி நின்று பார்த்தபோது, மற்றப் பத்தொன்பதுக்கும் இதற்கும் வித்தியாசம் அவருக்கே தெரியவில்லை.

"அண்ணே, நீங்கதான் ஊர் பூரா கிறுக்கினீங்களா?" என்று பக்கத்து வாசலிலிருந்து டிரைவர் சிரித்தான்.

அவன் சுவரிலும் ஒன்று போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. தான் போடாத குறி அடுத்தடுத்து இரண்டு சுவரில் இருந்தால் அது சந்தேகப்பட்டுத் திரும்பித் தட்டிப் பார்க்குமோ என்று பயந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தைப் பிறகு பத்து நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம். வெயில் மூடியின் மேல் காய்ந்து, வீட்டுக்குள் சுண்ணாம்பும் வியர்வையும் மருந்து வாடையுமாகக் காற்று கெட்டியாகிக் கிடந்த நேரத்தில், மனைவி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்க, சுவரின் வெளிப்பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம் அவர் காதில் விழுந்தது. டொக். டொக்டொக். விரல் மூட்டால் தட்டுகிற மாதிரி இல்லை. இரண்டு நீளக் கழிகளை மாற்றி மாற்றித் தட்டுகிற மாதிரி, ஒன்று கதவருகே, மற்றது அதே நேரத்தில் கூரைக்குப் பக்கத்தில். தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றியது. வட்டச் சுவர் என்பதால் சத்தம் எங்கேயும் நிற்காமல் வழுவழுவென்று அவரைச் சுற்றி வந்தது, அவரும் கட்டிலைப் பிடித்தபடி அதோடு கூடவே திரும்பினார். ஜன்னலின் வெளிச்சம் மறைந்தது. மறுபடி வந்தது.

குறியிருந்த இடத்தில் சத்தம் நின்றது.

தடவுகிற சத்தம். மேலிருந்து கீழே. வளைந்து. வளைந்து.

நகர்ந்தது.

அவர் மூச்சு விட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிழைத்தோம்.

பக்கத்து வீட்டில் டிரைவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். டொக் டொக். பாட்டு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, நிதானமாக, சுண்ணாம்பைக் கிழிக்கிற சத்தம்.

ஜீப் அன்று சர்வீஸிலிருந்து வந்தது. மெக்கானிக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்து, யாரும் வராததால் சாவியை இருபத்தேழாம் நம்பர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு நடந்தே போய்விட்டான். அவர் ஓடிப்போய்க் கத்துவதற்குள் அவன் சாலைத் திருப்பத்தைத் தாண்டிவிட்டான். சாவி உள்ளே. கதவுக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். உள்ளே தரை வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. விரலை இழுத்துக்கொண்டார். மறுபடி விடத் தைரியம் வரவில்லை.

அதற்குப்பின் நாட்கள் போயின. வேலைக்குப் போகவில்லை, போக அங்கே யாருமில்லை. கதவை உள்ளிருந்து ஆணியடித்தார். ஜன்னலில் பலகை. பலகையில் ஒரு விரல் கடை இடுக்கு மட்டும் விட்டு அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவர்கள் ஞாயிற்றுக்கிழமை பழுப்பாயின. செவ்வாயன்று சாம்பல். வியாழனன்று ஈரச் சாம்பல், உள்ளே ஏதோ அசைந்தால் வெளியே நிழலாடுகிற மாதிரி. போலீஸுக்குப் போன் செய்தார். "சுவர் கறுக்குதா? வெள்ளையடிக்கச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் மனைவி கேட்டாள், "அந்தக் கம்பிய எடுங்க." தினமும் விட்டார். தினமும் குறி. வெள்ளிக்கிழமை அவள் கம்பியைக் கேட்கவில்லை.

"அரிப்பு போயிருச்சா?"

"போயிருச்சு. இப்ப நல்லா இருக்கு," என்றாள். ஈரத்துணியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. அவருக்கு அது உறைக்கவில்லை. நாளைக் காலை அண்ணன் வந்துவிடுவான் என்பதிலேயே மனசு நின்றது. ஒரே ஒரு விடியல். அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதல் வெளிச்சத்தில் விழித்தார். கதவில் முதுகைச் சாய்த்தபடியே தூங்கியிருந்தார். எங்கோ கரகரவென்ற சத்தம். எலி சுண்ணாம்பைக் கொறிக்கிற மாதிரி, ஆனால் எல்லாப் பக்கமும். எழுந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்தார்.

சாம்பல் சுவர்களில் ஓட்டைகள். ஒரு கதவும் திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில், வாய் உயரத்தில் ஆரம்பித்து, பிசிறு பிசிறாக, ஆள் நுழைகிற ஓட்டை. இருபத்தேழிலும்.

அவர்கள் வெளியே நின்றார்கள். மேடம். தோட்டக்காரர். கணக்குப் பிள்ளை. கதவு மூடிய அன்று போட்டிருந்த துணியோடு, வாயைச் சுற்றி வெள்ளையாக, அசையாமல். ஒருவரும் தங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் இங்கே பார்த்து நின்றார்கள். இந்தச் சுவரை.

டிரைவர் எல்லோருக்கும் முன்னால் நின்றான். கிட்டே வந்தான். இடுக்கில் அவன் கண் தெரிந்தது.

"அண்ணே, இன்னும் ஆகலையா?"

அதே பழைய குரல். அதே சோம்பல்.

"போயிரு தம்பி. இங்க ஒண்ணும் இல்ல."

"குறி இருக்கே அண்ணே."

"அது நான் போட்டது! நானே போட்டது! வெறும் கோடு!"

இடுக்கில் டிரைவரின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"வேலை முடியாம யாராவது குறி போடுவாங்களா?" என்றான்.

தூரத்தில் வேனின் ஹாரன். அண்ணன். வந்துவிட்டான். அவர் சந்தோஷத்தில் திரும்பினார், அவளை எழுப்ப.

கட்டில் காலி.

மெத்தையின் மேல் மாவுக்கட்டு மட்டும் கிடந்தது. தொடையிலிருந்து பாதம்வரை முழுசாக. யாரும் வெட்டவில்லை. பிரிக்கவில்லை. முழங்காலுக்கு மேலே ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் பிசிறு. உள்ளிருந்து வெளியே. அதன் வெள்ளை முழுக்கப் பென்சில் கோடுகள், வளைந்து வளைந்து, வரிசையாக, பக்கத்தில் தேதிகளோடு. அவர் கையெழுத்து. முதல் தேதி செவ்வாய். விரல் விட்டு எண்ணினார். எண்ணத் தேவையில்லை.

கரகர சத்தம் வெளியே ஓய்ந்துவிட்டிருந்தது.

உள்ளே ஓயவில்லை.

பீரோவுக்குப் பின்னால்.

ஒரு அடி வைத்தார். இன்னொன்று. எட்டிப் பார்த்தார்.

இரண்டு காலிலும் நன்றாக ஊன்றி, முகத்தைச் சுவரோடு சேர்த்து நின்றிருந்தாள். தாடை ஆடிக்கொண்டிருந்தது. தோளெல்லாம் சுண்ணாம்பு.

"நிக்கிறதப் பாரு," என்றாள், திரும்பாமல், வாய் நிறையச் செங்கல்லோடு. "வந்து கொஞ்சம் கை கொடுங்களேன்."

அவள் முகத்துக்கு எதிரே வெளிச்சம் ஒரு காசு அளவு விழுந்தது. தட்டு அளவானது. அந்த வெளிச்சத்தின் வழியே வெளியிலிருந்து ஐந்து விரல்கள் உள்ளே வந்து, உடைந்த கல்லை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எடுத்துக்கொண்டிருந்தன.

நான் போன வாரம் அந்த இடத்துக்கு நேரில் போய், இரண்டு தடவை சுற்றி வந்து எண்ணினேன். கடைக்கோடியில் வட்டமாகச் சுண்ணாம்புப் பொடி மட்டும் கிடக்கிறது. அங்கே இருப்பது இருபத்தேழு குதிர்கள்.